கடற்கரைப் பிள்ளைகளும் ஆராய்ச்சியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊர்ப் பக்கத்தில் நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு மாலை வகுப்பு நடத்துகிறோம். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் முதல் கல்லூரி முடித்தவர்கள் வரை வருகிறார்கள், சில நாள் பெற்றோரும் வந்து உட்காருகிறார்கள். என் அம்மா பாசி எடுக்கிறவர். நான் வேதியியல் படித்து, கடல்பாசி வெளியிடும் வாயுக்களைப் பற்றி ஆய்வு செய்து முனைவர் பட்டம் வாங்கினேன். வகுப்பில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஆராய்ச்சி என்றால் என்ன? பள்ளியில் செய்யும் புராஜெக்ட் மாதிரியா?

இல்லை. புராஜெக்டில் விடை ஏற்கெனவே புத்தகத்தில் இருக்கும், நாம் அழகாக எழுதி ஒட்டுவோம். ஆராய்ச்சியில் விடை யாருக்கும் தெரியாது. "இந்த வருஷம் மீன் குறைச்சல்" என்பது பேச்சு. எந்த மீன், எந்த வலை, எத்தனை நாள் கடலுக்குப் போனதில் எத்தனை கிலோ, போன வருஷம் அதே மாதம் எவ்வளவு என்று கேட்டு எழுதத் தொடங்கினால் அது ஆராய்ச்சியின் முதல் படி. எப்படிக் கண்டுபிடித்தோம் என்பதை, இன்னொருவர் அதே மாதிரி செய்து பார்க்கும்படி எழுதி வைக்கவும் வேண்டும்.

மருத்துவம், சுற்றுச்சூழல், கல்வி, வளிமண்டல வேதியியல் என்று நான்கையும் ஏன் ஒன்றாகப் பேசுகிறீர்கள்? ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லையே?

இந்தக் கேள்வி எனக்கு ரொம்பப் பிடித்தது. பதிலை அம்மாவின் சாக்கிலிருந்து தொடங்குகிறேன்.

அம்மா தீவோரத்தில் முங்கி எடுக்கிற மரிக்கொழுந்துப் பாசியிலும் கஞ்சிப் பாசியிலும் இருந்துதான் அகர் எடுக்கிறார்கள். நோன்புக் காலத்தில் கீழக்கரை வீடுகளில் பால் ஊற்றிக் காய்ச்சி, ஆறவைத்து, துண்டு போட்டுக் கொடுக்கும் 'கடல்பாசி' அதுதான். இதே பொருள் மருத்துவத்தையே திருப்பிப் போட்டது. 1881 வாக்கில் ஜெர்மனியில் ராபர்ட் கோக்கின் ஆய்வகத்தில் கிருமிகளை ஜெலட்டின் மேல் வளர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மனித உடம்பின் சூடான 37 டிகிரியில் ஜெலட்டின் உருகிவிடும், சில கிருமிகள் அதைத் தின்று கரைத்தும்விடும். அங்கே வேலை பார்த்த வால்தர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபேனி ஹெஸ்ஸே, சமையலுக்குத் தான் பயன்படுத்திவந்த அகரைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். அது 37 டிகிரியில் உருகவில்லை. 1882-ல் காசநோய்க் கிருமியை அறிவித்தபோது கோக் அகரையும் குறிப்பிட்டார். இன்றைக்கும் ரத்தத்திலோ சிறுநீரிலோ என்ன கிருமி, எந்த மருந்துக்குக் கேட்கும் என்று பார்க்க அகர் ஊற்றிய தட்டில்தான் வளர்க்கிறார்கள். அடுப்படியில் நின்ற ஒரு பெண்ணின் யோசனை அது. வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் பெண்பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

சரி, மருத்துவம் ஆயிற்று. அதே பாசி உயிரோடு தண்ணீரில் இருக்கும்போது புரோமோஃபார்ம் போன்ற வாயுக்களை வெளியிடுகிறது. அவை காற்றில் கலந்து மேலே போகின்றன. இது வளிமண்டல வேதியியல். எத்தனை நாள் எடுத்தால் பாசி மறுபடி வளரும் என்பது சுற்றுச்சூழல் கேள்வி. அம்மா விடியும் முன்பே தீவுக்குப் போன நாளில் வீட்டில் சின்னத் தம்பியைப் பார்த்துக்கொள்ள மூத்த பெண் பள்ளிக்கு விடுப்பு எடுக்கிறாளே, அது கல்விக் கேள்வி. துறைகளைப் பிரித்து வைத்தது பல்கலைக்கழகங்களின் வசதிக்கு. கடற்கரையில் அவை பிரிந்து கிடப்பதில்லை.

நம் ராமேஸ்வரத்துக் கலாம் அக்னி ஏவுகணைக்காக உருவான இலேசான பொருளைக் கொண்டு, போலியோ பாதித்த குழந்தைகளின் காலில் மாட்டும் கருவியைச் செய்யவைத்தார். அதுவரை மூன்று கிலோ இரும்பைச் சுமந்த பிள்ளைகள் 300 கிராமில் நடந்தார்கள். ஏவுகணைக்காரரும் எலும்பு மருத்துவரும் ஒரே அறையில் உட்கார்ந்து பேசியதால் நடந்தது.

வளிமண்டல வேதியியல் என்றால் மழை எப்போது வரும் என்று சொல்வதா?

அது வானிலை. வளிமண்டல வேதியியல், காற்றில் என்னென்ன கலந்திருக்கிறது, அவை ஒன்றோடொன்று சேர்ந்து என்னவாக மாறுகின்றன என்று பார்ப்பது.

உலர்ந்த காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன், 21 சதவீதம் ஆக்சிஜன், ஒரு சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆர்கான். மீதி துளிதான், ஆனால் எல்லா விவகாரமும் அந்தத் துளியில்தான் இருக்கிறது. கரியமில வாயு 1958-ல் ஹவாய்த் தீவில் முறையாக அளக்கத் தொடங்கியபோது பத்து லட்சத்தில் சுமார் 315 பங்கு. இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. உலகம் சூடாவதற்கு இந்தச் சின்ன எண்தான் முக்கியக் காரணம்.

நம் ஊர் உதாரணமே நிறைய இருக்கிறது. பாம்பனில் சைக்கிள் வாங்கி இரண்டு மழைக்காலம் தாங்குவதில்லை, ஏன்? அலை உடைந்து நுரைக் குமிழி வெடிக்கும்போது பொடிப் பொடியான உப்புத் துகள்கள் காற்றில் ஏறுகின்றன. இரும்பில் படிந்த உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்கிறது. அந்த ஈரப் படலத்தில் குளோரைடும் சேர்ந்து துருவை வேகப்படுத்துகிறது. 1914-ல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தை ஓயாமல் பராமரிக்க வேண்டியிருந்ததற்கு இந்த உப்புக் காற்றுதான் முதல் எதிரி. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தின் பெயின்ட்டுக்கும் அதே எதிரிதான்.

அந்த உப்புத் துகள் இரும்போடு நிற்பதில்லை. வண்டிப் புகையிலிருந்து உருவாகும் நைட்ரிக் அமிலம் அதன்மேல் பட்டால், உப்பிலிருக்கும் குளோரின் ஹைட்ரோகுளோரிக் அமில ஆவியாக வெளியேறுகிறது. நகரத்துப் புகை கடல் காற்றோடு கலக்கிற இடங்களில் இதெல்லாம் நடக்கிறது.

அப்புறம் கடல் வாடை. கரையில் இறங்கியதும் மூக்கில் ஏறுகிற அந்த மணத்துக்கு டைமெத்தில் சல்ஃபைடு என்ற கந்தக வாயு பெரிய காரணம். கண்ணுக்குத் தெரியாத மிதவைப் பாசிகளும் பவளங்களும் உண்டாக்கும் பொருளிலிருந்து அது வருகிறது. காற்றில் மாற்றமடைந்து நுண்துகளாகி, மேகத்துளி உருவாக வித்தாகிறது. கடல் உயிர்கள் இப்படி மேகத்தைக் கூட்டிப் பூமியின் சூட்டையே சீர்செய்யலாம் என்று 1987-ல் நான்கு அறிவியலாளர்கள் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். விஷயம் அவ்வளவு நேரடியானது இல்லை என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. ஆனால் அந்தக் கருத்தைச் சோதிக்கப் போனதில்தான் கடலுக்கும் காற்றுக்கும் நடுவே நடப்பது பற்றி நிறையத் தெரிந்துகொண்டோம். தவறான கருத்தும் நல்ல கேள்வியாக இருந்தால் வீணாவதில்லை.

இந்தத் துறையில் தமிழர் ஒருவரும் பெரிய ஆள். சென்னையில் பிறந்த வீரபத்ரன் ராமநாதனும் நோபல் பரிசு பெற்ற பால் குருட்ஸனும் தலைமை தாங்கிய 1999-ம் ஆண்டு இந்தியப் பெருங்கடல் ஆய்வில், குளிர்காலத்தில் தெற்காசியாவிலிருந்து கிளம்பும் புகைமூட்டம் கடல் மேல் எவ்வளவு தூரம் பரவுகிறது என்று கப்பலிலும் விமானத்திலும் போய் அளந்தார்கள்.

பாசி வெளியிடும் வாயு கெட்டதா? பாசி வளர்க்கக் கூடாதா?

பயப்பட வேண்டாம். புரோமோஃபார்ம் இயற்கையாகவே கடலோரங்களில் வருவதுதான். காற்றில் சில வாரங்களே நிலைக்கும். ஆனால் வெப்பமண்டலப் பகுதியில் உயரமான இடிமேகங்கள் காற்றை வேகமாக மேலே தூக்குவதால் அதில் ஒரு பங்கு ஓசோன் படலம் வரை போகிறது. அணுவுக்கு அணு கணக்கிட்டால் ஓசோனைச் சிதைப்பதில் குளோரினைவிட புரோமின் பல மடங்கு வலியது. அதே புரோமோஃபார்ம் அதிகம் உள்ள ஒரு வகைச் சிவப்புப் பாசியை மாட்டுத் தீவனத்தில் கொஞ்சம் கலந்தால் மாடு விடும் மீத்தேன் குறைகிறது என்றும் ஆய்வுகள் சொல்கின்றன. ஒரே வாயுதான், ஒரு பக்கம் உதவி, இன்னொரு பக்கம் கவலை.

தொண்டி அருகே வலமாவூரில் பல்நோக்குக் கடல்பாசிப் பூங்காவுக்கு 2023-ல் அடிக்கல் நாட்டினார்கள். பாசி வளர்ப்பு நம் பெண்களுக்கு வருமானம், நான் அதற்கு எதிரி இல்லை. வளர்ப்பு பெருகும்போது காற்றில் என்ன கூடுகிறது என்றும் பக்கத்திலேயே அளந்துகொண்டே போகவேண்டும் என்கிறேன். அந்த அளவையை எடுக்க நம் ஊர்ப் பிள்ளைகளைவிடப் பொருத்தமானவர்கள் கிடையாது.

இன்னொரு பாடமும் இருக்கிறது. மூங்கில் மிதவையில் கட்டி வளர்க்கும் கப்பாஃபைகஸ் பாசி நம் கடலுக்குச் சொந்தமானது இல்லை, வெளியிலிருந்து கொண்டுவந்தது. அது குருசடைத் தீவின் உயிருள்ள பவளங்கள் மேல் படர்ந்திருப்பதை 2008-ல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். வருமானம் தருவதும் உண்மை, பவளத்தை மூடியதும் உண்மை. எங்கே வளர்க்கலாம், எங்கே கூடாது என்பதற்கு அளந்த கணக்கு இல்லாமல் பதில் சொல்ல முடியாது.

பாசி எடுக்கிறவர்களால்தான் பவளம் அழிகிறது என்கிறார்களே?

இது எங்கள் வீட்டைத் தொடும் கேள்வி, அதனால் நேராகவே சொல்கிறேன். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-ல் கடல்சார் தேசியப் பூங்காவாயின. அதில் இரண்டு தீவுகள் இப்போது தண்ணீருக்குள். பல காலமாகச் சுண்ணாம்புக்காகப் பவளக்கல்லை வெட்டி எடுத்தது அதற்கு முக்கியக் காரணம். 1998, 2010, 2016 ஆண்டுகளில் கடல் அளவுக்கு மீறிச் சூடாகிப் பவளங்கள் வெளுத்தன. பவளத்துக்குள் குடியிருந்து அதற்குச் சோறு போடுவது ஒரு நுண்பாசி. சூடு தாங்காமல் பவளம் அதை வெளியே தள்ளிவிடுகிறது, பட்டினியில் பல பவளங்கள் சாகின்றன. இதை எந்தப் பாசிக்காரப் பெண்ணும் செய்யவில்லை.

கல்லைப் புரட்டி, பவளத்தை மிதித்துப் பாசி எடுத்தால் சேதம் வரும், அதையும் மறைக்கக் கூடாது. ஆனால் எங்கள் பெண்களே கூடிப் பேசி மாதத்துக்கு 12 நாள் மட்டும் என்று கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். மீன் பெருகும் காலத்தில் எடுப்பதையும் நிறுத்துகிறார்கள். பாம்பன் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்திக்கு 2015-ல் தீவுகளைக் காக்கிறவர்களுக்கான சீகாலஜி விருது கிடைத்தது. விரலில் துணி சுற்றி, செருப்பு அட்டையைக் காலில் கட்டிக்கொண்டு முங்குகிற ஒருவருக்குச் சர்வதேச விருது. எனக்கு அது வெறும் செய்தி இல்லை.

ஊருக்கு வந்து ரத்தம் எடுக்கிறார்கள், கைநாட்டு கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

கேட்டுவிட்டுக் கொடுக்கலாம். நான் பள்ளியில் படித்தபோது ஒரு குழு எங்கள் தெருவுக்கு வந்து பெண்களிடம் ரத்தம் எடுத்தது. அம்மாவும் கொடுத்தார். "ரிசல்ட் வரும்" என்றார்கள், இன்றுவரை வரவில்லை. என்ன சோதித்தார்கள் என்றே அம்மாவுக்குத் தெரியாது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-ல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி மனிதர்கள் மேல் செய்யும் ஆய்வுக்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். அந்தக் குழுவில் மருத்துவர் அல்லாத பொதுமனிதர் ஒருவரும் சட்டம் தெரிந்தவர் ஒருவரும் இருக்கவேண்டும். ஒப்புதல் படிவம் உங்களுக்குப் புரியும் மொழியில், இங்கே என்றால் தமிழில், இருக்கவேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர் கைநாட்டு வைத்தால், ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒருவர் சாட்சியாக நிற்கவேண்டும். பாதியில் "எனக்கு வேண்டாம்" என்று விலகலாம், அதனால் உங்களுக்குக் கிடைக்கிற சிகிச்சை நிற்கக் கூடாது. ஆய்வால் உடம்புக்குக் கேடு வந்தால் சிகிச்சையும் இழப்பீடும் உண்டு. மருந்துச் சோதனை என்றால் 2009 முதல் மத்தியப் பதிவேட்டில் முன்கூட்டியே பதிய வேண்டும், பதிவு எண்ணைக் கேளுங்கள். படிவத்தின் ஒரு நகலை வாங்காமல் அனுப்பாதீர்கள்.

நான் மாணவர்களிடம் கூடுதலாக ஒன்று கேட்கிறேன். ஆய்வு முடிந்ததும் அதே தெருவுக்குத் திரும்பி வந்து, மரத்தடியில் உட்கார்ந்து, கண்டுபிடித்ததைத் தமிழில் சொல்லுங்கள்.

கடற்கரையில் மருத்துவ ஆராய்ச்சிக்கு என்ன இருக்கிறது?

ஏராளம். வெயிலிலும் தண்ணீரில் பட்டுத் திரும்பும் ஒளியிலும் வேலை செய்கிறவர்களுக்குக் கண்ணில் சதை வளர்வது, மணிக்கணக்காக உப்புத் தண்ணீரில் நிற்கும் பெண்களின் தோல், சிறுநீர்ப் பிரச்சினைகள், உப்பேறிய குடிநீரும் ரத்த அழுத்தமும். 2022 ஜனவரியில் ராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தபின் இதையெல்லாம் இங்கேயே படிக்க இடம் கிடைத்திருக்கிறது.

உடனே உதவுகிற ஒன்று: திருக்கை முள் குத்தினால், குத்திய இடத்தைப் பொறுத்துக்கொள்ளும் சூட்டில், 45 டிகிரிக்கு மேல் போகாத வெந்நீரில், அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வைப்பது வலியைக் குறைக்கும். அந்த விஷம் புரதம், சூட்டில் சிதையும். குத்துப்பட்ட இடம் சூட்டைச் சரியாக உணராமல் போகலாம் என்பதால் நல்ல கையால் வெந்நீரைத் தொட்டுப் பாருங்கள். முள் உள்ளே முறிந்திருக்கலாம், டெட்டனஸ் ஊசியும் வேண்டும், ஆகவே ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தள்ளிப்போடாதீர்கள். நெஞ்சிலோ வயிற்றிலோ குத்தியிருந்தால் வெந்நீருக்கும் காத்திருக்காதீர்கள், முள்ளையும் பிடுங்காதீர்கள்.

கடல் விஷத்திலிருந்து மருந்தும் வருகிறது. கூம்புச் சங்கு ஒன்றின் விஷத்திலிருந்து கண்டெடுத்த ஜிகோனோடைடு, வேறு எதற்கும் அடங்காத கடும் வலிக்கு 2004-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நம் கடலிலும் கூம்புச் சங்குகள் பல வகை உண்டு. உயிரோடு இருப்பதைக் கையில் எடுக்காதீர்கள்.

கல்வியில் ஆராய்ச்சி செய்ய என்ன இருக்கிறது?

பிள்ளை ஏன் கற்கவில்லை என்று ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள், அதைச் சோதித்துப் பார்ப்பதுதான் ஆராய்ச்சி. மும்பையிலும் வடோதராவிலும் படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்கு அவர்கள் நிற்கும் இடத்திலிருந்தே உள்ளூர்ப் பெண்களைக் கொண்டு தனியாகச் சொல்லிக் கொடுத்தார்கள். இந்த வசதி கிடைத்த வகுப்புகளையும் கிடைக்காத வகுப்புகளையும் ஒப்பிட்டு, பலன் இருக்கிறது என்று எண்ணில் காட்டினார்கள். அதைச் செய்தவர்களில் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் 2019-ல் பொருளாதார நோபல் பெற்றார்கள்.

எனக்கு நெடுநாளாக ஓர் ஆசை. பள்ளி வருகைப் பதிவேட்டையும் பஞ்சாங்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கவேண்டும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பாசி நாட்களில் எத்தனை பெண்பிள்ளைகள் வரவில்லை என்று எண்ணிப் பார்க்கவேண்டும். எண் உண்மையிலேயே கூடினால், அந்த நாட்களில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள அங்கன்வாடி நேரத்தை முன்னதாகத் தொடங்கக் கேட்கலாம். கூடவில்லை என்றால் நான் நினைத்தது தவறு. இரண்டில் எது வந்தாலும் நல்லது.

அப்பா, தாத்தா சொல்வதெல்லாம் அறிவியலா?

கடலில் தெற்கிலிருந்து வரும் நீரோட்டத்தைச் சோநீவாடு என்றும் வடக்கிலிருந்து வருவதை வாநீவாடு என்றும் பிரித்து, எதில் என்ன மீன் படும் என்று சொல்கிறார்களே, அது தலைமுறை தலைமுறையாகக் கவனித்துச் சேர்த்த அறிவு. ஹைதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் செயற்கைக்கோளில் கடலின் சூட்டையும் பச்சையத்தையும் பார்த்து மீன் கூடும் இடத்தைச் சொல்கிறது. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். தாத்தா சொன்னது என்பதற்காக அப்படியே ஏற்கவும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம். அந்த அறிவிலிருந்து யாராவது வணிகப் பொருள் செய்தால் ஊருக்கும் பங்கு சேரவேண்டும் என்பதற்கு 2002-ம் ஆண்டின் உயிரியல் பன்மைச் சட்டம் இருக்கிறது.

இங்கிருந்து ஆராய்ச்சிக்கு எப்படிப் போவது? செலவு?

இளநிலை, முதுநிலை முடித்து சிஎஸ்ஐஆர்-நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வை எழுதுங்கள். ஐந்து பாடங்களில் வேதியியல் ஒன்று, புவி-வளிமண்டலம்-கடல் அறிவியல் இன்னொன்று. அதன் வழியாகக் கிடைக்கும் இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. வீட்டிலிருந்து பணம் வாங்காமல் பிஎச்டி முடிக்கலாம் என்று பெற்றோரிடம் சொல்லுங்கள். நான்கு வருடப் பட்டத்தில் 75 சதவீதம் எடுத்தால் முதுநிலை இல்லாமலும் பிஎச்டிக்கு விண்ணப்பிக்கலாம்.

இடம் தேடி அலைய வேண்டாம். 1947-ல் தொடங்கிய மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையகமே ஒரு காலத்தில் மண்டபம் முகாமில்தான் இருந்தது. 1971-ல் கொச்சிக்குப் போனது, மண்டல மையம் இன்னும் இங்கே இருக்கிறது. உப்பு, கடல் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனத்தின் பாசி ஆய்வு நிலையமும் மண்டபத்தில்தான். தொண்டியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை. காற்றைப் படிக்க வேண்டுமென்றால் புனே வெப்பமண்டல வானிலை நிறுவனமும் திருப்பதி அருகே கடங்கியில் உள்ள தேசிய வளிமண்டல ஆய்வகமும்.

ஆங்கிலம் வராதே என்று தயங்காதீர்கள். கட்டுரையை ஆங்கிலத்தில் எழுதத்தான் வேண்டியிருக்கும், அது பழகினால் வரும். தமிழில் யோசிக்கத் தெரிந்தவருக்கு யோசனை ஏற்கெனவே கையில் இருக்கிறது.

பணம் கட்டினால் ஒரே வாரத்தில் கட்டுரை வெளியிடுகிறோம் என்று மெயில் வருகிறதே?

அழித்துவிடுங்கள். மற்ற ஆய்வாளர்கள் படித்துக் குறை சொல்ல நேரமே கொடுக்காத இதழ் இதழே இல்லை. என் முதல் கட்டுரையை நான் அப்படி ஒரு இடத்தில் கொடுத்துப் பணத்தையும் இழந்தேன், கட்டுரையையும் இழந்தேன். நல்ல இதழ்களைப் படிக்கக் காசு வேண்டுமே என்றால், அரசுக் கல்லூரியில் இருப்பவர்களுக்கு 2025 முதல் 'ஒரே நாடு, ஒரே சந்தா' திட்டத்தில் சுமார் 13,000 இதழ்கள் திறந்திருக்கின்றன. நூலகரிடம் கேளுங்கள்.

தீவுக்குப் போய் நாங்களே மாதிரி எடுக்கலாமா?

கூடாது. தேசியப் பூங்காவுக்குள் ஆய்வுக்கு வனத்துறை அனுமதி வேண்டும். செத்த பவளத்துண்டு என்றாலும், வலையில் தானாக வந்த கடல் அட்டை என்றாலும் வைத்திருப்பது குற்றம். கடல் அட்டை 2001-லிருந்து பாதுகாக்கப்பட்ட உயிரினம்.

பள்ளிப் பிள்ளைகள் இப்போதே செய்யக்கூடியது ஏதாவது உண்டா?

உண்டு, இருபது ரூபாய் ஆணியில். ஒரே மாதிரி இரும்பு ஆணிகளை எண்ணெய் போக வெந்நீரில் சோப்புப் போட்டுக் கழுவி, காயவைத்து, எடை பார்த்து எழுதுங்கள். ஐந்தை அலைக்கரையிலும், ஐந்தை உச்சிப்புளிப் பக்கம் கரையிலிருந்து உள்ளே தள்ளிய இடத்திலும், ஐந்தை ராமநாதபுரம் டவுனிலும் நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். மழை நேராக விழாத தாழ்வாரமாக இருக்கட்டும், மூன்று இடத்திலும் ஒரே உயரம். வாரா வாரம் எடை பாருங்கள். துரு ஏற ஏற ஆணியின் எடை கூடும், கரையில் எத்தனை வேகம் என்பது உங்கள் நோட்டில் தெரியும். வாடைக்காற்று மாதங்களிலும் கச்சான் காற்று மாதங்களிலும் தனித்தனியாகச் செய்தால் இன்னும் நல்லது. மளிகைக்கடைத் தராசில் இந்த எடை வித்தியாசம் தெரியாது. நகைக்கடைக்காரரிடம் கேளுங்கள், காலையில் கூட்டம் வருமுன் போனால் நிறுத்துத் தருவார்.